ஸ்பாலரைட்டுக்குள் இண்டியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? தாமிரக் கணக்கு ஒத்துவரவில்லை

கருங்கல் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக இரண்டு ஸ்பாலரைட் (துத்தநாகத்தின் முக்கியத் தாதுக் கனிமம்) மாதிரிகளில் லேசர் புள்ளி அளவீடு செய்திருக்கிறேன், அதாவது லேசரால் சின்னச் சின்னக் குழி தோண்டி, அங்கே எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்ப்பது. மாதிரி 'அ' கிட்டத்தட்டக் கறுப்பு, இரும்பு நிறைய. மாதிரி 'ஆ' தேன் நிறம். 'அ'வில் இண்டியம் நன்றாகவே வருகிறது.

இண்டியம் துத்தநாகத்தின் இடத்தில் நுழையும்போது ஒரு தாமிர அயனியையும் கூட்டிக்கொண்டு வரும், ஒன்றுக்கு ஒன்று என்று படித்தேன். இண்டியத்துக்கு எதிராகத் தாமிரத்தை வரைந்தால் புள்ளிகள் ஒழுங்காக ஒரு கோட்டில் விழுகின்றன. ஆனால் சரிவு 1 இல்லை, 0.55 பக்கம் நிற்கிறது. அது போதாதென்று ஏழெட்டுப் புள்ளிகளில் தாமிரம் மட்டும் கோட்டை விட்டு மேலே பறக்கிறது. மூன்று புள்ளிகள் கோட்டுக்குக் கீழே கிடக்கின்றன.

அப்படியானால் இண்டியம் அணிக்கோவையில் (படிகத்தின் ஒழுங்கான அணு அடுக்கில்) இல்லையா? வேறு ஏதோ கனிமத் துகளில் இருக்கிறதா? ஆய்வகம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்களை அனுப்பியதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை.

அயனி அக்கா

தம்பி, பயப்படாதீர்கள். உங்கள் 0.55தான் சரியான விடை.

பிபிஎம் என்பது எடைக் கணக்கு. ஒன்றுக்கு ஒன்று என்று சொல்வது அணுக்களின் எண்ணிக்கையை. தாமிரத்தின் அணு எடை 63.5, இண்டியத்தின் அணு எடை 114.8. வகுத்துப் பாருங்கள், 0.553. இண்டியம் 500 பிபிஎம் இருக்கும் இடத்தில் தாமிரம் 277 பிபிஎம் இருந்தால் இரண்டும் அணுவுக்கு அணு சமம். ஒவ்வொரு எண்ணையும் அந்தந்த அணு எடையால் வகுத்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

கருங்கல் மாணவன்

ஐயோ! இரண்டு வாரமாக இதை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தேன் அக்கா. மாற்றிப் போட்டேன், கோடு 1 பக்கம் வந்துவிட்டது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அயனி அக்கா

வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் ஒருமுறை விழும் குழிதான். ஏன் ஒன்றுக்கு ஒன்று என்பதையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் மீதிப் புள்ளிகளும் பேச ஆரம்பிக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஸ்பாலரைட் என்பது துத்தநாக சல்ஃபைடு. சுத்தமாக இருந்தால் எடையில் 67 சதவீதம் துத்தநாகம். ஒவ்வொரு துத்தநாகத்தையும் நான்கு கந்தகங்கள் நான்முகி வடிவில் சூழ்ந்திருக்கும். வெளியிலிருந்து வரும் உலோகம் அந்த நான்முகியின் நடுவில் உட்கார வேண்டும். அளவு பொருந்த வேண்டும், மின்சுமையும் பொருந்த வேண்டும்.

இரண்டும் தானாகப் பொருந்துகிறவர்களுக்குக் கவலையே இல்லை. துத்தநாகம் 2+, நான்கு அண்டை அணுக்களோடு இருக்கும்போது அதன் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம். இரும்பு 2+ ஆக 0.63, கோபால்ட் 0.58, மாங்கனீசு 0.66. நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் இரும்பு எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டியும் ஏற முடிகிறது. உங்கள் 'அ' கறுப்பாக இருப்பதும் அதனால்தான். காட்மியம் 0.78, கொஞ்சம் பெரிய உடம்பு. ஆனாலும் அதே 2+, கந்தகத்தோடு அதே மாதிரியான பிணைப்பு, ஆகவே இடம் கிடைத்துவிடுகிறது. ஸ்பாலரைட் பகுப்பாய்வு எதை எடுத்தாலும் காட்மியம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பிபிஎம்மில் நிற்கும்.

இண்டியத்துக்கு அளவில் பிரச்சினை இல்லை, 0.62. பிரச்சினை மின்சுமையில். அது 3+. துத்தநாகத்தின் நாற்காலியில் அது உட்கார்ந்தால் ஒரு நேர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுகட்டப் பக்கத்து நாற்காலியில் 1+ ஒன்று உட்கார வேண்டும். தாமிரம் 1+ ஆக இருக்கும்போது அதன் ஆரம் 0.60, துத்தநாகத்தின் அச்சு அசல். ஆக, இரண்டு துத்தநாகம் எழுந்துபோக, ஒரு இண்டியமும் ஒரு தாமிரமும் வந்து அமர்கின்றன. நான்கு போய் நான்கு வந்தது, கணக்கு நேர். இதே ஜோடி தனிக் கனிமமாகவே உண்டு, ரோக்கசைட் என்று பெயர். கட்டமைப்பும் ஸ்பாலரைட்டின் நெருங்கிய உறவு.

(இந்த ஆரங்கள் ஆக்சைடுகளையும் ஃபுளோரைடுகளையும் வைத்துத் தொகுத்தவை. சல்ஃபைடில் பிணைப்பு அவ்வளவு 'அயனி'த்தனமானது அல்ல. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், வேதவாக்காக அல்ல.)

மெருகுத்தகடு

மேலே பறக்கும் ஏழெட்டுப் புள்ளிகளைப் பற்றி: அந்த இடங்களை நுண்ணோக்கியில் பார்த்தீர்களா? எதிரொளியில் மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால் அது சால்கோபைரைட், தாமிரமும் இரும்பும் கலந்த சல்ஃபைடு. லேசர் குழியின் விட்டம் 30, 40 மைக்ரான் இருக்கும். பொட்டு அதைவிட ரொம்பச் சின்னது. குழிக்குள் நாலு பொட்டு சிக்கினால் தாமிரம் எகிறும், இண்டியம் அப்படியே இருக்கும்.

இதற்குச் 'சால்கோபைரைட் நோய்' என்றே பெயர் உண்டு. வெப்பமாக இருந்தபோது கரைந்திருந்த தாமிரம் ஆறும்போது பிரிந்து வந்தது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். ஆனால் ஸ்பாலரைட்டில் தாமிரம் அவ்வளவு கரைவதே இல்லை, பொட்டுகளில் உள்ள தாமிரத்துக்கு அது கட்டுப்படியாகாது. இரும்புள்ள ஸ்பாலரைட்டோடு பின்னால் வந்த தாமிரக் கரைசல் வினைபுரிந்து உண்டானது என்ற விளக்கம் 1980களில் வலுத்தது. பல இடங்களில் அதுதான் பொருந்துகிறது.

கருங்கல் மாணவன்

பார்த்தேன். ஏழில் ஐந்து இடங்களில் மஞ்சள் பொட்டு இருக்கிறது. மீதி இரண்டில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மெருகுத்தகடு

மேற்பரப்பில் தெரியாவிட்டால் கீழே இருக்கலாம். லேசர் துளைத்துக்கொண்டே கீழே போகிறது அல்லவா? ஆய்வகத்திடம் சராசரி எண் மட்டும் போதாது, நேரத்துக்கு எதிரான சமிக்ஞைக் கோட்டையும் கேட்டு வாங்குங்கள். துத்தநாகக் கோடு சமமாக ஓடும்போது இண்டியமும் அதற்கு இணையாகச் சமமாக ஓடினால் அது அணிக்கோவையில் இருக்கிறது என்று சொல்லலாம். நடுவில் தாமிரமும் இரும்பும் சேர்ந்து ஒரு முள் மாதிரி எழுந்து அடங்கினால் அங்கே ஒரு துகள். ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளியும் சேர்ந்து எழுந்தால் கலீனாவோ (ஈய சல்ஃபைடு) சல்ஃபோ உப்போ (ஆன்டிமனி போன்றவை கலந்த சல்ஃபைடு). ஈயத்தையும் பிஸ்மத்தையும் ஸ்பாலரைட்டின் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் நான் மூன்று முறை யோசிப்பேன்.

நானோ சந்தேகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'சமமாக ஓடினால் அணிக்கோவை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து இருபது நானோமீட்டர் துகள்கள் சீராகத் தூவியிருந்தால் லேசருக்கு அது தெரியவே தெரியாது. உப்பு கரைந்த தண்ணீரும் மிக மெல்லிய மாவு கலந்த தண்ணீரும் கரண்டிக்கு ஒன்றுதான். சமமான கோடு சொல்வதெல்லாம் 'பெரிய துகள் இல்லை' என்பது மட்டுமே.

அயனி அக்கா

உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் சமமான கோடு மட்டும் இல்லையே. அணு எண்ணிக்கையில் தாமிரமும் இண்டியமும் ஒன்றுக்கு ஒன்றாகப் போகின்றன.

நானோ சந்தேகி

ரோக்கசைட் நானோ துகளாக இருந்தாலும் அதே ஒன்றுக்கு ஒன்றுதானே வரும்? நீங்களே மேலே சொன்ன கனிமம்.

அயனி அக்கா

சரி, மாட்டிக்கொண்டேன். விகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்கு எக்ஸ்கதிர் உட்கவர் நிறமாலை பார்க்க வேண்டும். அணுவின் மின்சுமை நிலையும் அதைச் சுற்றி யார் எத்தனை பேர் என்பதும் அதில் தெரியும். அல்லது ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, அல்லது அணு ஆய்வுமுனை. முதுகலை ஆய்வுக்கு இதெல்லாம் எட்டாது. ஆய்வேட்டில் 'இணைப் பதிலீட்டோடு (இண்டியமும் தாமிரமும் ஜோடியாக வந்து அமர்வதோடு) ஒத்துப்போகிறது' என்று எழுதட்டும், 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுத வேண்டாம். இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

நானோ சந்தேகி

இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன்.

கருங்கல் மாணவன்

இன்னொரு பயம். இண்டியத்தை 115 நிறையில்தான் அளந்திருக்கிறார்கள். வெள்ளீயத்துக்கும் 115 நிறையுள்ள அணுக்கள் உண்டே? என் மாதிரியில் வெள்ளீயம் கொஞ்சம் இருக்கிறது.

எண்ணும் எழுத்தும்

நல்ல கேள்வி, ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இயற்கை இண்டியத்தில் 95.7 சதவீதம் 115தான். வெள்ளீயத்தில் அது 0.34 சதவீதம். 1000 பிபிஎம் வெள்ளீயம் இருந்தாலும் சுமார் 3.5 பிபிஎம் பொய் இண்டியம்தான் வரும். உங்கள் இண்டியம் நூற்றுக்கணக்கில் இருந்தால் கவலை இல்லை. நாலைந்து பிபிஎம் இண்டியத்தை வைத்து யாராவது கதை சொன்னால் அப்போது கேளுங்கள்.

எலக்ட்ரான் நுண்ணாய்வியில் அளந்தால் வேறு தொல்லை. காட்மியத்தின் ஒரு எக்ஸ்கதிர்க் கோடு இண்டியத்தின் முக்கியக் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஸ்பாலரைட்டில் காட்மியம் இல்லாத இடமே இல்லை, ஆகவே திருத்தம் போடாத பழைய இண்டியம் எண்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கருங்கல் மாணவன்

நன்றி. கோட்டுக்குக் கீழே உள்ள மூன்று புள்ளிகள்? அங்கே இண்டியத்துக்குத் தேவையான தாமிரம் இல்லை.

அயனி அக்கா

தாமிரம் இல்லாவிட்டால் வேறு யாரோ ஈடுகட்டுகிறார்கள். முதலில் வெள்ளியைப் பாருங்கள், அதுவும் 1+. இல்லையென்றால் காலியிடம்: மூன்று துத்தநாகம் எழுந்துபோய், இரண்டு இண்டியம் உட்கார்ந்து, ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஆறுக்கு ஆறு சரியாகிவிடும்.

தாமிரத்தை இண்டியத்தோடு மட்டும் ஒப்பிடுவதும் முழுக் கணக்கு அல்ல. தாமிரத்துக்குப் பல பங்காளிகள். காலியம் 3+, அதற்கும் ஒன்று வேண்டும். ஜெர்மானியம் 4+, வெள்ளீயம் 4+ ஆக இருந்தால் அதுவும், இவற்றுக்கு ஆளுக்கு இரண்டு வேண்டும். ஒரு பக்கம் தாமிரத்தையும் வெள்ளியையும் கூட்டுங்கள். மறுபக்கம் இண்டியம், காலியம், அப்புறம் ஜெர்மானியத்தையும் வெள்ளீயத்தையும் இரட்டிப்பாக்கிக் கூட்டுங்கள். எல்லாம் அணு எண்ணிக்கையில்!

கருங்கல் மாணவன்

அது நினைவிருக்கிறது அக்கா :)

அப்படியே மாதிரி 'ஆ'வுக்கு வருகிறேன். அதில் இண்டியம் ஒன்றுமே இல்லை. ஜெர்மானியம் இருக்கிறது, காலியமும் கொஞ்சம். தாமிரம் மிகக் குறைவு. வெள்ளி ஜெர்மானியத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஒரே கனிமம், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பழைய சுரங்கவாசி

பொதுவாகச் சொன்னால் வெப்பநிலை. சூடான கரைசலில் வளர்ந்த ஸ்பாலரைட்டில் இண்டியம், இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் ஏறும். சுண்ணாம்புப் பாறைகளில் 100, 150 டிகிரியில் படிந்த மிசிசிப்பி பள்ளத்தாக்கு வகையில் ஜெர்மானியமும் காலியமும் தங்கும், இரும்பு குறையும், நிறம் வெளுக்கும். இந்தப் போக்கை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரமே 2016இல் வந்தது. காலியம், ஜெர்மானியம், இண்டியம், மாங்கனீசு, இரும்பு ஐந்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். நான் அதை ஒரு தாதுப் படிவுக்கு மொத்தமாகத்தான் நம்புவேன், ஒரு புள்ளிக்கு நம்ப மாட்டேன். ஏன் என்றால் ஒரே படிகத்தின் ஒரு முகத்தில் ஜெர்மானியமும் பக்கத்து முகத்தில் இண்டியமும் கூடி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சின் சான்-சால்வி தாதுப் படிவு இப்படிப்பட்ட வேறுபாட்டுக்குப் பேர்போனது: அடர்நிறப் பட்டைகளில் இரும்பு, காட்மியம், இண்டியம், வெளிர்நிறப் பட்டைகளில் ஜெர்மானியம், காலியம், தாமிரம், வெள்ளி. பக்கத்துப் பக்கத்து முகங்கள் என்றால் ஒரே நேரம், ஒரே கரைசல், ஒரே சூடு.

அயனி அக்கா

அதே சான்-சால்வியில்தான் உங்கள் 'ஆ'வின் கதையும். உட்கவர் நிறமாலையில் ஜெர்மானியம் 4+ ஆக நான்முகியில் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பு 2+ ஆக நேராகப் போய் உட்காருகிறதோ என்ற எண்ணம் இருந்தது. மெக்சிகோவின் திரெஸ் மரியாஸ் ஸ்பாலரைட்டிலும் 4+தான். அங்கே ஜெர்மானியம் ஆயிரம் பிபிஎம்மைத் தொடுகிறது.

எடைக் கணக்கில் உங்களுக்கு ஒரு அளவுகோல்: முழு ஈடும் தாமிரம் என்றால் ஜெர்மானியத்தைப் போல் 1.75 மடங்கு தாமிரம் வேண்டும். முழுவதும் வெள்ளி என்றால் கிட்டத்தட்ட 3 மடங்கு வெள்ளி. அவ்வளவு இல்லாவிட்டால் மிச்சத்தைக் காலியிடங்கள் சுமக்கின்றன: இரண்டு துத்தநாகத்துக்கு ஒரு ஜெர்மானியமும் ஒரு காலி நாற்காலியும். காலியிடத்தை எந்தக் கருவியும் பிபிஎம்மில் அளந்து தராது, கழித்துப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். அதனால் எழுதும்போது அடக்கி வாசியுங்கள்.

வெள்ளிக்கும் ஜெர்மானியத்துக்கும் பழைய சிநேகம் வேறு. 1886இல் விங்க்லர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்ததே ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கத்தின் ஆர்ஜிரோடைட் என்ற வெள்ளிக் கனிமத்தில்தான்.

பழைய சுரங்கவாசி

அந்த ஃப்ரைபெர்க்கிலேயே 1863இல் ரெய்க்கும் ரிக்டரும் துத்தநாகத் தாதுவில் தாலியம் தேடப்போய் இண்டியத்தைக் கண்டார்கள். ரெய்க்குக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது, நிறமாலைக் கருவியில் கண் வைத்தவர் ரிக்டர். கருநீலக் கோடு, அதனால் இண்டியம் என்று பெயர். காலியம் 1875இல் பைரனீஸ் ஸ்பாலரைட்டிலிருந்து. காட்மியம் 1817இல் துத்தநாகக் கார்பனேட்டிலிருந்து. துத்தநாகத்தின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள்.

உருக்காலை ஓய்வு

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்கு ஆய்வேடு, எங்களுக்கு அது அன்றாடப் பாடாக இருந்தது.

தாமிரம் சால்கோபைரைட் பொட்டாக இருந்தால் நன்றாக அரைத்து நுரைமிதப்பில் (தாதுத் துகளை நுரையோடு மிதக்கவைத்துப் பிரிப்பதில்) கொஞ்சமாவது பிரிக்கலாம். இண்டியமும் காட்மியமும் அணிக்கோவையில் இருந்தால் மாவாக அரைத்தாலும் துத்தநாகத்தோடுதான் வரும். வறுக்கும்போதுதான் அந்தக் கூடு உடையும். அப்போதும் எல்லாம் விடுதலையாகாது. ஸ்பாலரைட்டில் இருந்த இரும்பு துத்தநாகத்தோடு சேர்ந்து ஃபெரைட் என்ற ஆக்சைடு ஆகிவிடும், அது நீர்த்த அமிலத்தில் கரையாது. இண்டியம் 3+ அங்கே இரும்பு 3+இன் இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு கூட்டை உடைத்து இன்னொரு கூட்டுக்குள் விரட்டிய கதை. சூடான அடர் அமிலம் போட்டால்தான் வெளியே வரும். காட்மியம் அவ்வளவு படுத்தாது. கரைசலில் துத்தநாகத் தூள் போட்டால் தாமிரத்தோடு இறங்கிவிடும்.

ஜெர்மானியம்தான் எமன். மின்னாற்பகுப்புத் தொட்டியில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமே அதிகம். படிந்த துத்தநாகம் மறுபடி கரைய ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் பொங்கும், மின்சாரம் வீணாகும். புதுத் தாது வந்தால் முதலில் ஜெர்மானியம் எவ்வளவு என்றுதான் கேட்போம். அதே ஜெர்மானியத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலைக்கு அது வருமானம்.

மாணவருக்கு ஒரு எச்சரிக்கை: அடர்ப்பித்த தாதுவின் மொத்தப் பகுப்பாய்வை உங்கள் புள்ளி அளவீட்டோடு ஒப்பிட்டு, 'தாமிரம் அதிகம் இருக்கிறதே' என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்பாலரைட்டை மிதக்கவைக்கத் தாமிர சல்ஃபேட்டைப் போடுவது வழக்கம். அந்தத் தாமிரம் துகளின் மேற்பரப்பில் ஒட்டியது, பாறை கொடுத்தது இல்லை.

கருங்கல் மாணவன்

ஐயா, அந்தத் தவறைச் செய்ய இருந்தேன். பழைய அறிக்கையின் அட்டவணையை ஆய்வேட்டில் சேர்த்தே விட்டேன். எடுத்துவிடுகிறேன்.

வழிப்போக்கன்

இடையில் ஒரு கேள்வி. ஸ்பாலரைட் மேற்பரப்பில் மழையும் காற்றும் பட்டுச் சிதைந்தால் இந்த ஜெர்மானியம் எல்லாம் எங்கே போகும்?

பழைய சுரங்கவாசி

கூட்டம் கலைந்து ஆளுக்கு ஒரு பக்கம். ஜெர்மானியத்துக்கு இப்போது சிலிக்கானின் இடம் பிடித்துப்போகும், இரண்டும் 4+. வில்லமைட் என்ற துத்தநாக சிலிகேட்டில் அது சிலிக்கானுக்குப் பதிலாக உட்காரும்; ஸ்பாலரைட்டில் துத்தநாகத்துக்குப் பதிலாக இருந்தது, இங்கே துத்தநாகத்தைத் தொடவே இல்லை. இல்லையென்றால் கோத்தைட் போன்ற இரும்புத் துரு. காட்மியம் ஸ்மித்சோனைட்டில் (துத்தநாகக் கார்பனேட்) கார்பனேட்டாகப் போகும், அல்லது மஞ்சள் கிரீனோகைட்டாக (காட்மியம் சல்ஃபைடு) பூசிக்கொள்ளும். அமெரிக்காவின் யூட்டாவில் ஏபெக்ஸ் சுரங்கத்தை 1980களில் காலியத்துக்கும் ஜெர்மானியத்துக்கும் என்றே தோண்டினார்கள். அங்கே காலியம் ஜாரோசைட்டில் (இரும்பு சல்ஃபேட் கனிமம்), ஜெர்மானியம் கோத்தைட்டில்.

மெருகுத்தகடு

சிதையாமல் நெரிபட்டாலும் இடம் மாறும். பைரனீஸில் உருமாற்றம் அடைந்த ஸ்பாலரைட்டில், மறுபடிகமான (நெரிபட்டுப் புதிதாக வளர்ந்த) சிறு மணிகளில் ஜெர்மானியம் ஏறக்குறைய காலி. பக்கத்திலேயே பிரியார்டைட் போன்ற ஜெர்மானியக் கனிமங்கள் துளித்துளியாக. முதலில் அணிக்கோவையில் இருந்ததைக் கூடு பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறது. ஆகவே மாணவரே, 'ஆ'வில் புள்ளி வைத்த மணி பழையதா மறுபடிகமானதா என்று குறித்திருக்கிறீர்களா?

கருங்கல் மாணவன்

குறிக்கவில்லை. நாளை ஆய்வகம் போனதும் முதல் வேலை அதுதான்.

இதுவரை செய்தது: 'அ'வில் எல்லாப் புள்ளிகளையும் அணு எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டேன். பொட்டு தெரிந்த ஐந்தைத் தனி நிறத்தில் வைத்தேன். சமிக்ஞைக் கோடுகள் இன்று வந்தன. பொட்டு தெரியாத இரண்டில் ஒன்றில் பாதித் துளையில் தாமிர முள் இருக்கிறது, மற்றதில் இல்லை. கீழே கிடந்த மூன்றில் வெள்ளியைக் கூட்டியதும் இரண்டு கோட்டுக்கு வந்துவிட்டன. மூன்றாவது இன்னும் கீழேதான்.

நானோ சந்தேகி

அந்த மூன்றாவதை அழித்துவிடாதீர்கள். முள் இல்லாமல் மேலே நிற்கும் அந்த ஒன்றையும். இரண்டின் சமிக்ஞைக் கோட்டையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.